ஷிப்மென்ட் வாரத்திலும் தாங்கும் சமையல்: பாக்கெட் உணவிலிருந்து மாற நினைக்கும் குடும்பத்துக்கு ஓர் ஒப்பீடு

பாக்கெட் உணவை விட்டு வீட்டுச் சமையலுக்கு எப்படி மாறுவது என்ற கேள்வி எங்கள் வீட்டில் ஒரு மளிகை ரசீதிலிருந்து எழுந்தது. மாதத் தொடக்கத்தில் வாங்கிய சாமான்களை வரவு செலவு நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் ஆகியவற்றுக்குக் கொடுத்ததைவிட நூடுல்ஸ், சிப்ஸ், கிரீம் பிஸ்கட், சாஸ், உறைநிலைப் பரோட்டா, மால்ட் பானத் தூள், குளிர்பானம் ஆகியவற்றுக்குக் கொடுத்த தொகை கூடுதலாக இருந்ததைக் கண்டேன். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். என் மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை. மகள் எட்டாம் வகுப்பிலும் மகன் மூன்றாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். என் அம்மா எங்களோடு இருக்கிறார். அவிநாசிக்குப் பக்கத்தில் வீடு என்பதால் போக வர எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் நேர நெருக்கடியைத் தெரிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. காலை எட்டரைக்குத் தொடங்கும் வேலை ஒரு ஷிப்டோடு முடிந்தால் மாலை வெளிச்சத்தில் வீடு திரும்பலாம். ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவாகிவிடும். தைத்த ஆடைகளைக் குறித்த நாளுக்குள் ஏற்றுமதிக்கு அனுப்ப வேண்டிய ஷிப்மென்ட் வாரம் என்றால் எப்போது திரும்புவோம் என்பது யாருக்கும் தெரியாது. பல்லடம், சோமனூர் பக்கத்து விசைத்தறிக் குடும்பங்களுக்கும், நாமக்கல் பக்கத்து லாரித் தொழில் குடும்பங்களுக்கும் இதே நெருக்கடி வேறு வடிவில் இருக்கிறது. ஆகவே வீட்டுச் சமையலுக்கு மாறும் வழிகளை ஒப்பிடும்போது, முதல் வாரத்தில் எது அழகாக நடக்கிறது என்பதைப் பார்த்துப் பயனில்லை என்பதே என் கருத்து. ஆண்டில் பல முறை வரும் அந்த மோசமான வாரத்தில், மாலை ஏழு மணிக்கு, வீட்டில் இருப்பவர்கள் களைத்துப்போயிருக்கும்போது, எந்த வழி நிலைத்து நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நாங்கள் சில வழிகளை நடைமுறையில் பார்த்தோம். சிலவற்றை உறவினர் வீடுகளில் பார்த்தோம். ஒவ்வொன்றையும் இந்த ஒரே உரைகல்லில் தேய்த்து இங்கே எழுதுகிறேன்.

எதை விட்டு மாறுகிறோம்?

வழிகளுக்குள் போகுமுன் இதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இதில் ஏற்படும் குழப்பத்தால்தான் பல வீடுகளில் தேவையில்லாத சிரமம் வருகிறது. ஆலையில் பதப்படுத்திய எல்லாமே கெடுதல் என்று எடுத்துக்கொண்டால் பாக்கெட் பால், தயிர், மிளகாய்த்தூள், கடலை எண்ணெய் எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டியிருக்கும். பிரேசில் நாட்டின் சாவ் பாலோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மொன்டெய்ரோவும் அவருடைய குழுவினரும் 2009 முதல் வளர்த்தெடுத்த ‘நோவா’ வகைப்பாடு இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. அது உணவை நான்காகப் பிரிக்கிறது: அப்படியே அல்லது சிறிதளவு பதப்படுத்தி உண்பவை, எண்ணெய், உப்பு, சர்க்கரை போன்று சமையலில் சேர்ப்பவை, இவ்விரண்டையும் சேர்த்து எளிதாகப் பதப்படுத்தியவை, கடைசியாக, வீட்டு அடுப்படியில் இல்லாத பொருட்களான சுவையூட்டிகள், நிறமிகள், எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்த்து வைக்கும் பால்மமாக்கிகள் முதலியவற்றைச் சேர்த்து ஆலையில் உருவாக்கிய மிகைப் பதப்படுத்திய உணவுகள். நாம் விலக வேண்டியது இந்த நான்காவது வகையிடமிருந்துதான்.

விலக வேண்டியதற்கான காரணமும் வெறும் பழைமைப் பற்று அல்ல. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகைப் பதப்படுத்திய உணவையும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவையும் கொடுத்துப் பார்த்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பரிமாறிய தட்டுகளில் கலோரியும் சர்க்கரையும் கொழுப்பும் நார்ச்சத்தும் உப்பும் ஏறக்குறைய சமமாக இருந்தும், விரும்பிய அளவு உண்ணலாம் என்றபோது, மிகைப் பதப்படுத்திய உணவு உண்ட நாட்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். இரண்டு வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ எடை கூடினார்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், நம் நாட்டு நோய்ச் சுமையில் 56.4 விழுக்காடு தவறான உணவுமுறையோடு தொடர்புடையது என்று மதிப்பிட்டு, இத்தகைய உணவுகளைக் குறைக்கும்படி கேட்டுக்கொள்கிறது.

ஆக, பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எல்லா வழிகளுக்கும் பொதுவான முதற்படி. உட்பொருட்கள் எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததாக வரிசைப்படுத்தப்பட வேண்டும் என்பது இந்திய விதி. எனவே முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பெரும்பகுதி விளங்கிவிடும். சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கிறதோ அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. என் மகனின் மாலைச் சிற்றுண்டியை இப்படிக் கணக்கிட்டபோது எனக்கு ஏற்பட்ட வருத்தத்தை இங்கே விவரிக்காமல் விடுகிறேன்.

ஒரே நாளில் மாறுவது

நாங்கள் முதலில் எடுத்த வழி இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியைக் காலி செய்து, நாளை முதல் மூன்று வேளையும் வீட்டில் சமைத்ததுதான் என்று அறிவித்தேன். இதில் இரண்டு நன்மைகள் உண்டு. வீட்டில் பாக்கெட்டே இல்லாதபோது குழந்தைகள் கேட்டு அழுவது இரண்டு மூன்று நாட்களில் குறைந்துவிடுகிறது. செலவும் அந்த மாதமே கண்கூடாகக் குறைகிறது. மருத்துவர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு மாறும் வீடுகளுக்கும், பகலில் சமைக்கப் பெரியவர்கள் இருவர் இருக்கும் கூட்டுக் குடும்பங்களுக்கும் இது பொருந்தலாம்.

எங்களுக்குப் பொருந்தவில்லை. பத்து நாட்கள் நன்றாக நடந்தது. காலையில் சந்தகை (எங்கள் பக்கத்து இடியாப்பம்), மதியத்துக்குச் சோறும் தட்டப்பயிற்று (காராமணி)க் குழம்பும், மாலையில் பணியாரம், இரவில் தோசையும் இரண்டு சட்னியும் என்று ஒரு விருந்தாளி வீடு போலச் சமையல் நடந்தது. பதினொன்றாம் நாள் ஷிப்மென்ட் வாரம் தொடங்கியது. நான் இரவு பத்து மணிக்கு முன்பு வீடு திரும்பவில்லை. மனைவிக்குப் பள்ளியில் தேர்வுத்தாள் திருத்தும் வேலை சேர்ந்துகொண்டது. புதன்கிழமை இரவு அவர் என்னிடம் கேட்டார்: “ஏனுங்க, முடிவு பண்ணுனது நீங்க, அடுப்பு முன்னால நிக்கறது மட்டும் நானுங்களா?” அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை மீண்டும் நூடுல்ஸ் வீட்டுக்குள் வந்தது. அதைக் கொண்டுவந்தவனும் நான்தான்.

வீட்டுச் சமையலின் பெருமையைப் பேசுகிற நம்மில் பலர், அந்த மாற்றம் எத்தனை மணி நேர உழைப்பை யார் தலையில் ஏற்றுகிறது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. பாக்கெட் உணவு நம் வீடுகளுக்குள் நுழைந்ததற்குச் சுவை ஒரு காரணம். வேலைக்குப் போகத் தொடங்கிய பெண்ணின் இரண்டாவது ஷிப்டை யாரும் பங்கிட்டுக்கொள்ளாதது அதைவிடப் பெரிய காரணம். உழைப்பைப் பங்கிடாமல் பாக்கெட்டை மட்டும் பறிக்கும் எந்த வழியும் அவருக்கு அநியாயம் செய்கிறது என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை.

பாக்கெட்டுக்குப் பதில் நல்ல பாக்கெட்

அடுத்து, அதிகம் மெனக்கெட வேண்டாத வழி ஒன்று கண்ணுக்குப் பட்டது: நூடுல்ஸுக்குப் பதில் சிறுதானிய நூடுல்ஸ், கிரீம் பிஸ்கட்டுக்குப் பதில் ராகி பிஸ்கட், சிப்ஸுக்குப் பதில் வறுக்காமல் சுட்டது என்று மாற்றிக்கொள்வது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை ஒட்டிக் கடைகளில் இவை பெருகிவிட்டன. உழைப்பு மிச்சம் என்பதால் ஷிப்மென்ட் வாரத்தில் இந்த வழி சற்றும் தளராது. ஆனால் எதற்காக மாறுகிறோமோ அது நடப்பதில்லை. முன்பக்கத்தில் ராகி என்று பெரிதாக எழுதியிருந்த ஒரு பாக்கெட்டின் பின்பக்கத்தில் முதலிடம் மைதாவுக்கும் இரண்டாமிடம் சர்க்கரைக்கும் இருந்ததை நானே படித்தேன். விலையும் கூடுதல். ‘சுகாதார பானம்’ என்ற பிரிவில் மால்ட் பானங்களை வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியதிலிருந்தே, பெயருக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்தை அறியலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு தவிர வேறெதுவும் சேராத இட்லி மாவைக் கடையில் வாங்குவதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அதேபோல உடைத்த கம்பு, வறுத்த ரவை, ராகி மாவு, அவல் ஆகியவையும் பாக்கெட்டில் வந்தாலும் நம் சமையலுக்கு உதவுகிற பொருட்களே. நான்காம் வகை பாக்கெட்டை வேறொரு நான்காம் வகை பாக்கெட்டால் மாற்றுவதுதான் வீண் வேலை.

சமையலுக்கு ஆள் வைப்பதும் மெஸ் சாப்பாடும்

என் மைத்துனர் குடும்பம் கோயம்புத்தூரில் சமையலுக்கு ஓர் அம்மாவை அமர்த்தியிருக்கிறது. காலையில் இரண்டு மணி நேரம் வந்து மூன்று வேளைக்கும் உரியதைச் செய்து வைத்துவிட்டுப் போகிறார். எந்த எண்ணெய், எவ்வளவு உப்பு, என்ன காய் என்பதெல்லாம் குடும்பத்தின் கையில் இருப்பது இதன் பெரிய பலம். கணவன் மனைவி இருவரும் நல்ல சம்பளம் வாங்கும் வீட்டில், மாதச் சம்பளமாக ஒரு தொகையை இதற்கு ஒதுக்க முடியுமானால், இதைவிடச் சிறந்த வழியை நான் காணவில்லை. ஆனால் அவர் ஊர் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, நான்கு நாள் போனாலும், உடம்புக்கு முடியாமல் படுத்தாலும், அந்த நான்கு நாட்களும் வீடு உணவுச் செயலிக்குப் போய்விடுகிறது. ஏனென்றால் வீட்டில் வேறு யாருக்கும் கை பழகவில்லை. அவருக்கும் விடுப்பும் ஓய்வும் உரிமை. ஆகவே அந்த நாட்களுக்கான மாற்று ஏற்பாடு நம் பொறுப்பு. திருப்பூரின் புறப்பகுதிகளில், பனியன் கம்பெனி வேலைக்கே ஆட்கள் தேடப்படும் நிலையில், காலை ஆறு மணிக்கு வரக்கூடிய சமையல் ஆள் கிடைப்பதும் எளிதல்ல. எங்களுக்குக் கிடைக்கவில்லை.

மாதக் கணக்கு மெஸ் சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தனியாகத் தங்கி வேலை பார்ப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். குடும்பத்துக்கு என்றால், எண்ணெயும் உப்பும் நம் கையில் இல்லை. மதியம் வந்த கேரியரை இரவுக்கும் வைத்து உண்ணும் பழக்கம் வந்துவிடுகிறது. வெந்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்திருப்பது வயிற்றுக்கு ஆபத்து. தெரிந்த ஓர் அக்கா வீட்டிலேயே சமைத்து நான்கைந்து குடும்பங்களுக்குக் கொடுப்பாரானால், ஷிப்மென்ட் வாரத்துக்கு மட்டும் அவரிடம் வாங்கலாம்.

வேளை வேளையாக, முன்கூட்டிச் செய்த கையிருப்போடு

இறுதியில் நாங்கள் வந்து சேர்ந்ததும், இன்றுவரை நிலைத்திருப்பதும் இந்த வழிதான். இதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன: எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வேளையை எடுத்துக்கொண்டு அது பழகிய பிறகு அடுத்ததற்குப் போவது, அந்த வேளைக்கான உழைப்பின் பெரும்பகுதியை வார நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்த்துவது.

எந்த வேளையிலிருந்து தொடங்குவது என்பதில் பலரும் காலை உணவைச் சொல்வார்கள். நான் மாலைச் சிற்றுண்டியைச் சொல்வேன். பாக்கெட்டின் ஆட்சி முழுமையாக நடப்பது பள்ளி விட்டு வரும் அந்த அரை மணி நேரத்தில்தான். அதற்கு மாற்றாகச் சமையல் ஏறக்குறைய தேவையே இல்லை. வேகவைத்த நிலக்கடலை, அதாவது எங்கள் பக்கத்துக் கல்லக்காய், தட்டப்பயிற்றுச் சுண்டல், பொரியும் பொட்டுக்கடலையும், நாட்டுச் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் கலந்த அவல், வாழைப்பழம், எள்ளுருண்டை: இவற்றில் ஒன்றைக் குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டால் போதும். அம்மா பகலில் வீட்டில் இருப்பதால் இதை அவர் ஏற்றுக்கொண்டார். “பசி வர்றதுக்கு முன்னால தட்டுல இருக்கோணும் அம்மணி, பசி வந்ததுக்கப்புறம் தேடுனா பாக்கெட்டுத்தான் கைக்கு வரும்” என்று என் மனைவியிடம் அவர் சொன்னது, நான் படித்த எந்த வழிகாட்டிக் குறிப்பைவிடவும் துல்லியமாக இருந்தது. மகன் முதல் வாரம் முகத்தைச் சுளித்தான். கடலைக்காயைத் தானே உரித்துத் தின்னும் வேலை அவனுக்குப் பிடித்துப்போன பிறகு சிப்ஸ் கேட்பது குறைந்தது. ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

இதற்கு ஒரு மாதம் ஆயிற்று. அதன் பிறகுதான் இரவு உணவைத் தொட்டோம். இங்கே கொங்கு நாட்டுச் சமையலே நமக்குத் துணையாக நிற்கிறது. காடு தோட்டத்தில் பகல் முழுதும் உழைத்துவிட்டு இருட்டும் நேரத்தில் வீடு திரும்பிய மக்களுக்காக உருவான சமையல் இது என்பதை, அதன் எளிமையைப் பார்த்தாலே உணரலாம். அரிசியும் பருப்பும் சாதத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு தம்ளர் அரிசிக்கு அரைத் தம்ளர் துவரம்பருப்பு. கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மஞ்சள்தூளும் சாம்பார்த்தூளும் சேர்த்து, ஒரு பங்குக்கு ஏறக்குறைய மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் குக்கரில் மூன்று நான்கு விசில். அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து தட்டில் நெய்யோடு விழும்வரை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எங்கள் வீட்டுக்கு உணவுச் செயலியில் பரோட்டா வரவழைத்தால் நாற்பது நிமிடத்துக்குக் குறைந்து வந்ததே இல்லை. நேரம் இல்லாததால்தான் வெளியே வாங்குகிறோம் என்று நான் ஆண்டுக்கணக்காக நம்பிக்கொண்டிருந்ததை இந்த ஓர் ஒப்பீடு மாற்றிவிட்டது.

அப்படியானால் இத்தனை நாள் எது தடுத்தது? நானே சமைக்கத் தொடங்கிய பிறகு அது விளங்கியது. அடுப்பு நேரத்தைவிட, அதற்கு முந்தைய வேலைகள்தான் ஆளைக் களைக்க வைக்கின்றன: சின்ன வெங்காயம் உரிப்பது, பூண்டு உரிப்பது, தேங்காய் துருவுவது, கீரை ஆய்வது, புளி ஊறவைப்பது. நம் சமையல் சின்ன வெங்காயம் இல்லாமல் நடக்காது. அரைக் கிலோ சின்ன வெங்காயம் உரிக்க இருபது நிமிடம் போய்விடும். மாலை ஏழு மணிக்கு அந்த இருபது நிமிடம் யாரிடமும் இல்லை. ஆகவே இவற்றை ஞாயிற்றுக்கிழமைக்குக் கொண்டுபோனோம். உரித்த வெங்காயத்தை ஈரமில்லாமல் டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் நான்கைந்து நாள் தாங்குகிறது. துருவிய தேங்காயை ஃபிரீசரில் வைக்கலாம். கீரையை மட்டும் வாங்கிய அன்றோ மறுநாளோ முடித்துவிட வேண்டும். அதனால் கீரைக் கடைசல் எங்களுக்குத் திங்கட்கிழமைச் சமையல். அதிகாலையில் திருப்பூர் உழவர் சந்தைக்குப் போய்வருவது ஞாயிற்றுக்கிழமை என் பொறுப்பு.

மாவு விஷயத்தில் நமக்குச் சாக்குச் சொல்ல உரிமையே இல்லை. மின்சாரத்தில் ஓடும் மாவரைக்கும் இயந்திரத்தை 1955இல் பி. சபாபதி உருவாக்கியது கோயம்புத்தூரில்தான். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு 2005-06இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்தும் ஒரு கரண்டி வெந்தயமும் போட்டு ஆட்டினால் மூன்று கிலோவை ஒட்டி மாவு கிடைக்கும். ஐந்து பேருக்கு மூன்று நான்கு வேளைக்குப் போதுமானது. 150 வாட் மோட்டார் முக்கால் மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்குகூட ஆவதில்லை. ஊறவைப்பது, ஆட்டுவது, கழுவி வைப்பது ஆகிய மூன்றும் இப்போது என் வேலை. உளுந்து பொங்கி வரும் பதம் எனக்குக் கைவர ஆறு வாரம் ஆனது. அதுவரை இட்லி கல்லாக வந்தாலும் வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

பொடிகள் அம்மாவின் பொறுப்பு: கொள்ளுப் பொடி, எள்ளுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, நிலக்கடலைப் பொடி. மாதத்துக்கு ஒரு முறை வறுத்து அரைத்து வைத்தால், தோசைக்கும் சோற்றுக்கும் சட்னியோ குழம்போ இல்லாத இரவிலும் ஒரு துணை இருக்கும். கொள்ளை முதல் நாள் இரவே ஊறப்போட்டு வேகவைத்தால் பருப்பைக் கடைந்து ஒரு வேளைக்கும், வெந்த தண்ணீரை ரசம் வைத்து அடுத்த வேளைக்கும் வைத்துக்கொள்ளலாம். ஒரு பானைக் கம்மஞ்சோறு ஆக்கி வைத்தால் மறுநாள் காலையில் மோர் விட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு குடித்துவிட்டுக் கிளம்பலாம். அடுப்புப் பற்றவைக்காத காலை உணவு அது. சந்தகை, ஒப்புட்டு, கச்சாயம் போன்ற கைவேலை மிகுந்தவற்றை விடுமுறைக்கும் நோம்பிக்கும் ஒதுக்கிவிட்டோம். முதல் முயற்சியில் செவ்வாய்க்கிழமை காலையில் சந்தகை பிழியச் சொன்னது என் அறியாமை.

இந்த வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மணி நேரம் போய்விடுகிறது; கலியாணம், காதுகுத்து, கோயில் நோம்பி என்று ஊருக்குப் போகும் ஞாயிறுகளில் அந்த வாரம் முழுவதும் தள்ளாடுகிறது. ஃபிரிட்ஜ் இல்லாத அல்லது சிறிய ஃபிரிட்ஜ் உள்ள வாடகை வீடுகளில், குறிப்பாகக் காம்பவுண்டு வீடுகளில், இதை அப்படியே செய்ய முடியாது. அவர்களுக்கு மாவைவிடப் பொடியும் பயறுமே ஏற்றவை. பகலில் பெரியவர்கள் யாரும் இல்லாத வீட்டில் மாலைச் சிற்றுண்டியைக் காலையிலேயே டப்பாவில் போட்டு வைத்துவிட்டுப் போக வேண்டும். அரசுத் தொடக்கப் பள்ளியில் குழந்தைகள் படிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேளைச் சுமை ஏற்கெனவே குறைந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவை காய்கறிச் சாம்பாரோடு கிடைக்கின்றன. அத்தகைய குடும்பம் தன் முழு முயற்சியையும் மாலையிலும் இரவிலும் வைக்கலாம்.

வீட்டில் சமைத்துவிட்டாலே நலம் என்று எண்ணிவிடவும் கூடாது. ஊறுகாயும் அப்பளமும் உப்பைத் தாராளமாகக் கொண்டுவருகின்றன. பலகாரம் சுட்ட எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சினால், அது நம் வீட்டு வாணலி என்பதற்காகக் கெடுதல் குறைந்துவிடாது. மிஞ்சிய எண்ணெயை ஓரிரு முறை தாளிக்கப் பயன்படுத்தி முடித்துவிடுகிறோம்.

யாருக்கு எது?

கையில் பணமும் நம்பகமான ஆளும் கிடைத்தால் சமையலுக்கு ஆள் வைப்பதையும், அவர் வராத நாட்களுக்காகக் கொஞ்சம் மாவும் பொடியும் கையிருப்பில் வைத்திருப்பதையும் பரிந்துரைப்பேன். மருத்துவக் கட்டாயம் இருந்தால் ஒரே நாளில் மாறுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் யார் எந்த வேலையைச் செய்வது என்று ஒரு தாளில் எழுதிக் குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும். எங்களைப் போல இருவரும் வேலைக்குப் போகும், மாதத்தில் ஒரு வாரம் தலைகீழாகும் குடும்பத்துக்கு, வேளை வேளையாக மாறும் வழியே தாங்கும்.

இப்போது எங்கள் ஷிப்மென்ட் வாரம் இப்படி நடக்கிறது. இரண்டு இரவு தோசையும் பொடியும்; ஓர் இரவு அரிசியும் பருப்பும்; ஓர் இரவு கொள்ளு ரசமும் சோறும்; ஓர் இரவு வெளியே வாங்குகிறோம், அதை ஒளிக்காமல் வாங்குகிறோம். சனிக்கிழமை இரவு மகள் குக்கர் வைக்கிறாள். அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து விசிலை எண்ணுகிறார். மகன் ஞாயிற்றுக்கிழமை பூண்டு உரிக்கிறான். கொஞ்சம் உரித்துக் கொஞ்சம் ஓடிவிடுகிறான். நூடுல்ஸ் மாதத்துக்கு இரண்டு பாக்கெட்டாகக் குறைந்திருக்கிறது. குளிர்பானம் நின்றுவிட்டது, மால்ட் தூளுக்குப் பதில் சுக்கு மல்லிப் பாலும் ராகிக் கஞ்சியும் மாறி மாறிப் போகின்றன. பள்ளி இடைவேளைக்குக் கொண்டுபோகும் பிஸ்கட்டை மட்டும் இன்னும் மாற்ற முடியவில்லை. உடன் படிக்கும் பிள்ளைகள் முன்னால் சுண்டல் டப்பாவைத் திறக்க மகளுக்குத் தயக்கம் இருக்கிறது, அவளை வற்புறுத்த எங்களுக்கு மனமில்லை. நிலக்கடலையும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்த உருண்டையை அவளே செய்து எடுத்துப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், அடுத்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.